றமீஸா போடியாரின் களவெட்டி

இந்தக் காலத்துச் சனங்களுக்குப் பெற்ற பிள்ளையை வீட்டில் வைத்திருக்கப் பொறுமையில்லை. எங்கள் காலத்தில் பிள்ளைக்குப் பசித்தால் வீட்டுக்கு வரும், பசிக்காவிட்டால் வராது. மண்ணில் உருண்டது, மரத்தில் ஏறியது, விழுந்தது, எழும்பியது. இப்படித்தான் விழவேண்டும் என்று யாரும் போய்ப் படிப்பித்ததில்லை. இப்போது நாலு வயதில் தலையை வாரி, முகத்துக்குப் பவுடர் பூசிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். அதுவும் எழுத்துப் படிக்க இல்லை, விளையாட. விளையாடுவதற்கு ஒரு பள்ளிக்கூடம், அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ரீச்சர். கேட்டால் நாகரிகம் என்கிறார்கள்.

நாவற்குடாவில் வாவிக் கரையோரம் ஒரு சங்கம் இதைத் திறந்திருந்தது. நான் அப்போது உன்னிச்சையில் வயல் வேலையில் நின்றேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், என் மகள் சீதேவி தன் மகன் அழகரத்தினத்தைக் கொண்டுபோய் அங்கே சேர்த்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கே என்ன வாங்குகிறார்கள் என்று விசாரித்தேன். உள்ளவர் கொடுப்பதாம், இல்லாதவர் சும்மா வருவதாம். பெரிய வயல்காரரான போடியார் வீட்டிலிருந்து நெல் போகிறது. காத்தான்குடிப் புடவைக்கடைக் கச்சி முகம்மது துணி கொடுத்திருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து அழகன் மட்டும் போகிறான். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பாய், ஒரே பானைச் சாப்பாடு. சங்கத்துக்கு இதில் ஒரு லாபமும் இல்லையாம்.

லாபமில்லாமல் கடை திறந்தவனை நான் கண்டதில்லை. முதலில் வோட்டுக்காக என்று நினைத்தேன். இப்போது ஏழை பணக்காரன் எல்லாருக்கும் வோட்டு வந்துவிட்டதல்லவா? ஆனால் நாலு வயதுக்கு வோட்டில்லை. பிறகு, பிள்ளைகளைக் கிறிஸ்து வேதத்தில் சேர்க்கத்தான் என்று நினைத்து அழகனைப் பிடித்து விசாரித்தேன். அவரவர் வீட்டில் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடுவதாம். அதுவுமில்லை. அப்படியென்றால் என் புத்திக்கு எட்டாத பெரிய ஏற்பாடு ஏதோ இருக்கிறது.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. நான் வினாயகமூர்த்திப் போடியாரின் வட்டையில் முல்லைக்காரன். வட்டை என்கிற அந்த வயல்வெளி முழுக்க அவருடையது. ஆட்களை வைத்து விதைத்து, வெட்டி, மிதித்துக் கொடுப்பது என் பொறுப்பு. ஒவ்வொரு வருடமும் விதைப்புக்கு முன் முல்லைக்காரன் வட்டா என்கிற தட்டில் வெற்றிலை வைத்துப் போடியாரிடம் கொண்டுபோகவேண்டும். அவர் வெற்றிலை எடுத்தால் அந்த வருடம் வயல் நமக்கு. எடுக்காவிட்டால் வீட்டில் குந்தியிருக்க வேண்டியதுதான். அந்த வருடம் வல்லிபுரம் என்று ஒருவன் என் இடத்துக்குக் கண் வைத்திருந்தான். என்னைவிட இளையவன். பல்லெல்லாம் இருந்தது.

நான் வட்டாவோடு போன காலையில் போடியார் செருப்பை மாட்டிக் குடையை விரித்துப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். தன் பேரன் நல்லரத்தினம் போகிற பாலர் பள்ளியைப் பார்க்கப் போகிறாராம். வெற்றிலையைப் பிறகு பார்ப்போம், நீயும் வா என்றார். வட்டாவை ஏந்திக்கொண்டு பின்னால் நடந்தேன். வழியெல்லாம் வல்லிபுரம் நல்ல உழைப்பாளி என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பள்ளிக்கூடம் என்பது ஒரு கிடுகுக் கொட்டில், முன்னால் மணல் முற்றம். மணலில் பெரிய வட்டமாக ஒரு கோடு கீறியிருந்தது. புஸ்பம் ரீச்சர் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றாள். டவுனில் படித்த பெண். பிள்ளைகளை விட்டுவிட்டு ஏன் வெளியே நிற்கிறாய் என்று போடியார் கேட்டார்.

"என்ன உள்ள உடமாட்டாங்களாம், போடியார். களவெட்டிக்குள்ள பொம்புளைகள் வரப்படாதாம்" என்றாள்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். களத்தில் எருமை விட்டு நெல்லுதிர்ப்பதுபோலப் பிள்ளைகள் சூடு மிதித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் வைக்கோல். அதைச் சுற்றி நாலு காலில் எருமைகள், சேலைத் துண்டால் கழுத்தோடு கழுத்துப் பிணைத்தபடி. பின்னால் கம்போடு என் பேரன், "பொலி, பொலி" என்று பாடி ஓட்டிக்கொண்டு வந்தான். முன்னால் வந்த எருமை போடியாரின் பேரன்.

என் வயல் அந்த இடத்திலேயே போய்விட்டது என்று நினைத்தேன்.

போடியாரின் முகம் கறுத்தது. பேரனைப் பார்த்து எழும்பச் சொன்னார். எருமை கத்தியது. இன்னும் உரத்துச் சொன்னார். எருமையும் இன்னும் உரத்துக் கத்தியது. மாடு பேசாது என்பதில் அவன் உறுதியாக இருந்தான். யார் எருமை, யார் ஓட்டுகிறவர் என்பதைப் பிள்ளைகளே மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார்கள், நேற்று அழகன்தான் எருமை என்று ரீச்சர் சொன்னாள். நேற்று வந்து பார்த்திருக்கக் கூடாதா இந்த மனிதன்! பேரனைத் தூக்கிவிடப் போடியார் கோட்டை நோக்கிக் காலை வைத்தார். அழகன் கம்பைக் குறுக்கே நீட்டினான்.

"செருப்பக் கழட்டுங்க. குடையையும் சுருக்குங்க. இது களவெட்டி."

களவெட்டி எங்களுக்குக் கோயில் மாதிரி. செருப்பு, குடை, சண்டை, சத்தம் ஒன்றும் ஆகாது; பொலி, அதாவது களத்து நெல், குறைந்துவிடும். அதிலும் வினாயகமூர்த்திப் போடியார் மற்ற எல்லாரையும்விட மோசம். செருப்போடு வந்ததற்காகத் தன் சொந்த மருமகனையே ஆட்களுக்கு முன்னால் களத்தை விட்டு இறக்கினவர்.

நான் வெளியே நின்று அழகனை அதட்டினேன். அது யார் தெரியுமா, வழியை விடடா என்றேன்.

"சத்தம் போடாதங்க அப்புச்சி, பொலி போயிரும்" என்றான்.

போடியார் தன் செருப்பைப் பார்த்தார். பிறகு யாராவது கழற்றி வாங்குவார்களா என்று பார்த்தார். என் இரண்டு கையிலும் வட்டா. கடைசியில் தானே கழற்றி, குடையைச் சுருக்கி அதன்மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். உள்ளே போனபிறகு ஏச முடியாதே. மெல்லிய குரலில், தான்தான் போடியார் என்றும், தன் பேரனைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்றும் அழகனிடம் சொன்னார்.

"போடியார் அங்க இருக்கா" என்று அவன் கம்பால் காட்டினான்.

கோட்டுக்கு வெளியே, கவிழ்த்து வைத்த கடகப் பெட்டியின்மேல், கச்சி முகம்மதுவின் மகள் றமீஸா இருந்தாள். பெண் என்பதால் வெளியே, போடியார் என்பதால் தலைக்கு மேல் ஒரு தேக்கிலைக் குடை. அவள் தகப்பன் புடவையைப் பார்ப்பதுபோல இவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இவருக்கு வயசு போயிட்டு. மாடு ஓட்ட ஏலாது. வைக்கோல் உதறட்டும்."

ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வாவிப் பக்கம் திரும்பி நின்றேன். மறுபடி பார்த்தபோது போடியார் மணலில் இருந்தார். முதலில் ஒரு பேருக்கு இரண்டு வைக்கோலைத் தூக்கிப் போட்டார். பக்கத்தில் உதறிக்கொண்டிருந்த பொடியனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் பொறுக்கவில்லை. இப்படி உதறினால் பொலியெல்லாம் வைக்கோலோடு போய்விடும் என்று தாழ்ந்த குரலில் சொல்லி, அவன் கையிலிருந்ததைப் பிடுங்கி உதறிக் காட்டினார். அதன்பிறகு மனிதன் நிறுத்தவில்லை. சுற்றி வருகிற நேரமெல்லாம் அவர் பேரன் நின்று, அவர் கையிலிருந்து ஒரு வாய் வைக்கோலைக் கவ்விக்கொண்டு போனான்.

உடம்பெல்லாம் தூசியோடு அவர் வெளியே வந்தார். நல்ல நேரமோ கெட்ட நேரமோ, இனிப் பொறுக்கமுடியாது என்று நான் வட்டாவை நீட்டினேன்.

"என்னட்ட ஏன் நீட்டுறாய்? போடியார் அங்க இருக்கா" என்றார்.

பகிடி என்று நினைத்தேன். முகத்தில் சிரிப்பில்லை. போய் அந்தப் பிள்ளைக்கு முன்னால் குனிந்து நீட்டினேன். என் வயதுக்கு அது ஒரு நிலையா? அவள் மூடியிருந்த துணியைத் தூக்கிப் பார்த்தாள்.

"எனக்கு வேணா. வெத்திலை திண்டா உம்மா ஏசுவா."

துணியைத் திருப்பி மூடிவிட்டாள். நான் போடியாரைப் பார்த்தேன். அவர் முழங்காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"போடியாரே வேணாம் எண்டா நான் என்ன செய்யிற, இளையதம்பி? வல்லிபுரத்தக் கேட்டுப் பாப்பம்."

அது பகிடியா மெய்யா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நிலம் வைத்திருக்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். நான் குனிந்தபடியே நின்றேன்.

அப்போது எருமைகள் நின்றுவிட்டன. நல்லரத்தினம் குந்தியிருந்து, வாயிலிருந்த வைக்கோலைத் துப்பிவிட்டு, முதல் தடவையாகப் பேசினான்.

"எடு, றமீஸா. அவர் நம்மட முல்லைக்காரர். எடுக்காட்டி நாங்க நடக்கமாட்டம்."

மற்ற எருமைகளும் குந்திக்கொண்டன. அழகன் கம்பைக் கீழே போட்டுவிட்டான். றமீஸா யோசித்தாள். எருமையும் ஆளும் இல்லாமல் கடகத்தில் இருந்து என்ன பயன் என்று விளங்கியிருக்க வேண்டும். இரண்டு விரலால் ஒரு வெற்றிலையை எடுத்தாள். எழும்பிப் போய், கோட்டுக்கு வெளியே நின்றபடியே எட்டி அதை எருமையின் வாயில் வைத்தாள். எருமை சப்பியது, முகத்தைச் சுளித்தது, தூவென்று துப்பியது.

போடியாருக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுத் தானே வந்து வட்டாவிலிருந்து வெற்றிலையும் பாக்கும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"விதைநெல்லப் பாத்து வை. மழைக்கு முதல் உழுதிரு" என்றார்.

வயல் எனக்குத்தான். வல்லிபுரம் தன் பல்லை வைத்துக்கொண்டு வேறு வட்டை பார்க்கட்டும்.

பேரன் கூட வரமாட்டேன் என்று மறுபடி கத்தத் தொடங்கியதால் போடியார் தனியாகத்தான் வீட்டுக்குப் போனார். நானும் புறப்பட்டபோது ரீச்சர் ஒரு சிரட்டையில் அவித்த பயறு கொண்டுவந்து தந்தாள். இப்போது பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். வந்து பிள்ளைகளுக்கு விதைப்புக் காட்டமுடியுமா என்றும் கேட்டாள். நான் அதை விட்டுவிட்டுக் கேட்கவேண்டியதைக் கேட்டேன்.

"இதால உங்களுக்கு என்ன லாபம், புள்ள?"

"ஒண்டுமில்ல" என்றாள். கண் வெட்டாமல் சொன்னாள்.

சங்கத்துக்கு என்று மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். அதே பதில். நல்லாய்ப் பழக்கி வைத்திருக்கிறார்கள். பயறைத் தின்றேன். பதமாய் அவிந்திருந்தது. மேலே தேங்காய்ப்பூவும் போட்டிருந்தார்கள். லாபமில்லாதவன் தேங்காய்ப்பூப் போடுவானா?

வைக்கோல் உதற ஆளில்லை, வாங்க அப்புச்சி என்று அழகன் களவெட்டிக்குள் இருந்து கூப்பிட்டான். எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி, வெறும் சிரட்டையை வேலி ஓரம் வைத்துவிட்டு நடந்தேன்.