நண்டு ஆணத்தில் மோர்

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஹனீபின் மனைவி கமர் நிஷா, யூடியூபில் ஒரு சமையல் சேனல் நடத்திவந்தாள். முகத்தைக் காட்டமாட்டாள். அடுப்பும் சட்டியும் அவளுடைய இரண்டு கைகளும் மட்டும்தான் தெரியும். கூடவே அவள் குரல் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். பிறந்த ஊர் பழவேற்காடு என்பதால் இறால், நண்டு, மடவை மீன் என்று எல்லாம் ஏரிச் சமையல்தான். குழம்பை அவள் ஆணம் என்பாள். பார்ப்பவர்கள் லட்சக்கணக்கில் இல்லை. ஆனால் பார்த்தவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள், சந்தேகம் கேட்டார்கள், அவளும் ஒருவர் விடாமல் பதில் சொன்னாள்.

ஒருநாள் காலை பக்கத்து வீட்டு ஜோதிலட்சுமி கையில் போனோடு உள்ளே வந்தாள்.

"நிஷாக்கா, இத்த பாரேன். எவளோ ஒருத்தி நண்டு செய்யறா. அப்படியே நீ செய்யறா மாதிரியே கீது. ஆனா இவ மோர் ஊத்தறா."

"நண்டுலயா? மோரா?"

"ஆமாங்கறேன். நீயே பாரு."

கமர் நிஷா போனை வாங்கிப் பார்த்தாள். பச்சை விளிம்பு போட்ட பீங்கான் தட்டு. மூலையில் மூடி உடைந்த மிளகாய்த்தூள் டப்பா. நண்டைத் திருப்பிப்போடும் கையின் மணிக்கட்டில், இடியாப்பத் தட்டு சுட்ட தழும்பு.

"அடியே, இது என் கைடி!"

கை அவளுடையது. குரல் மட்டும் வேறு யாரோ ஒரு பெண்ணுடையது. இளம் குரல், தெளிவாக, இனிமையாகக்கூட இருந்தது. கமர் நிஷா தேங்காய்ப்பால் ஊற்றிய இடத்தில் அந்தக் குரல் சொன்னது: "இப்போ நல்லா கெட்டியான மோர் சேர்த்துக்கலாம்."

கீழே ஒருத்தி எழுதியிருந்தாள்: 'செஞ்சி பார்த்தேன் சிஸ்டர், எல்லாம் திரிஞ்சி போச்சு.'

ஜோதிலட்சுமி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கமர் நிஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டதுகூட அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. ஊர்பேர் தெரியாத ஒருத்தி நல்ல நண்டை வாங்கி, கழுவி, மசாலா அரைத்து, கடைசியில் மோரை ஊற்றிப் பாழாக்கியிருக்கிறாள். அதைத்தான் முதலில் அவளால் பொறுக்க முடியவில்லை.

மத்தியானம் சாப்பிட வந்த ஹனீப், சோற்றில் கை வைக்காமல் அந்த வீடியோவைக் கடைசிவரை பார்த்தார். அந்தச் சேனலில் தேடியபோது கமர் நிஷாவின் இறால் வீடியோவும் அதேபோல் குரல் மாறிக் கிடந்தது. மற்றவையும் பலருடைய கைகள். எல்லாவற்றுக்கும் அந்த ஒரே குரல்.

"விடக்கூடாது நிஷா. நீ எடுத்தது, நீ பேசுனது. கேக்கறதுக்கு உனக்கு சட்டம் கீது."

"உங்க கடைய மூடுனப்போ நீங்க கேக்கலயே?"

"நான் எங்க போய் கேக்கறது?"

ஹனீபின் ஜெராக்ஸ் கடை முன்பு சிடி வாடகைக் கடையாக இருந்தது. சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்யும் பையன்கள் சனிக்கிழமை சாயந்திரம் வந்து, பிளேயரும் படங்களும் எடுத்துக்கொண்டு அறைக்குப் போவார்கள். ஹனீப் திருட்டு வட்டு வைத்துக்கொண்டதில்லை. வாடகைக்கு விட அனுமதி உள்ள வட்டுகளைச் சென்னைக்குப் போய் வாங்கிவருவார். பிறகு போன்கள் வந்தன. புதுப்படம் கம்பெனி பஸ்ஸில் ஒருவன் போனிலிருந்து இன்னொருவன் போனுக்குப் போய், பஸ் ஊர் வந்து சேர்வதற்குள் எல்லோரிடமும் இருந்தது. ஹனீப் ஒரு வக்கீலிடம் விசாரித்தார். படத்தின் உரிமை எடுத்தவருக்கு, உங்களிடம் இருப்பது வட்டு மட்டும்தான் பாய், என்றார் வக்கீல். கடைக்கு ஜெராக்ஸ் மிஷின் வந்தது. அதுவும் நன்றாகவே ஓடியது. ஹனீப் பழைய கடையை நினைத்து உருகுகிற ஆள் இல்லை. ஆனால் அந்தப் பையன்களில் ஒருவனாவது நேரில் வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று எப்போதாவது சொல்வார்.

"அப்போ எனக்கு உரிமை இல்ல. இப்போ உனக்கு கீது. அதான் வித்தியாசம்" என்றார்.

அன்றைக்கே இருவரும் கடை கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இரண்டு வீடியோவுக்கும் புகார் போட்டார்கள். சில நாட்களில் இரண்டும் காணாமல் போயின. அதோடு முடிந்தது என்று கமர் நிஷா நினைத்தாள்.

முடியவில்லை. அந்தச் சேனல்காரனிடமிருந்து ஒரு மெயில் வந்தது. 'மேடம், தயவுசெய்து புகாரை வாபஸ் வாங்குங்க, ஏற்கெனவே இன்னொருத்தர் புகார் இருக்கு, மூணு ஆனா சேனலை மூடிடுவாங்க.' மறுநாள் இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஹனீபுக்குக் கோபம் வந்தது. கடை முகவரியைப் போட்டு, 'பேசணும்னா நேர்ல வா' என்று ஒரே வரி எழுதினார். வரமாட்டான் என்ற தைரியத்தில்தான் எழுதினார்.

வந்துவிட்டான். வெயில் ஏறிய நேரத்தில் ஒரு இளைஞனும் அவன் மனைவியும் கடை வாசலில் நின்றார்கள். ஆர்.கே.பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். பெயர் அன்புசெல்வன் என்றான். ஹனீபுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வியர்த்து நிற்பவர்களை வாசலில் வைத்துப் பேச மனம் வராமல், பின்னால் இருந்த வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

கமர் நிஷா முதலில் தண்ணீர் கொடுத்தாள். பிறகுதான் கேட்டாள்.

"ஏன் தம்பி அப்படி பண்ண?"

"தப்புதாங்கக்கா. இங்க சிப்காட்லதான் கான்ட்ராக்ட்ல இருந்தேன். லைன மூடிட்டாங்க. ஊருக்குப் போய் சும்மா உக்காந்துக்கினு இருந்தேன். எல்லாரும் இப்படித்தான் எடுத்துப் போட்டுக்கினு இருந்தாங்க, நானும்…"

"எல்லாரும்!" ஹனீபின் குரல் உயர்ந்தது. "இதே வார்த்தைய எத்தினி பேர் சொல்லிக் கேட்டுக்கீறேன் தெரியுமா? எல்லாரும் பாக்கறாங்க பாய், எல்லாரும் அனுப்பறாங்க பாய். எங்க கடை மூடுனப்போ அந்த எல்லாரும் எங்க போனாங்க?"

அன்புசெல்வன் தலையைக் குனிந்துகொண்டான். அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது.

"எதுக்கு என் குரல எடுத்த?" என்று கேட்டாள் கமர் நிஷா. "அத்த விட்டிருந்தாகூட இவ்ளோ பேஜாரு ஆயிருக்காது."

"குரல் இருந்தா நீங்கன்னு தெரிஞ்சிடுமேக்கா. அதான் மாத்துனோம்."

"யாரு பேசுனது?"

அதுவரை வாயே திறக்காமல் இருந்த அவன் மனைவி, புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"நான்தான்க்கா."

கமர் நிஷாவுக்கு உடனே தெரிந்தது. அதே குரல். அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன் பேர் இன்னாம்மா?"

"கல்பனா."

"ஏம்மா கல்பனா, நண்டுல மோர் ஊத்துவாங்களா?"

"வெள்ளையா ஊத்துனீங்க. சவுண்ட மொதல்லயே எடுத்துட்டாரு. எனக்கு இன்னான்னு தெரியல. எங்க ஊட்ல நண்டு செஞ்சதே இல்லக்கா. நான் தொட்டதுகூட இல்ல."

"அது தேங்காப்பாலு!"

கல்பனா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, ஒரு அக்கா திரிஞ்சி போச்சுன்னு எழுதியிருந்தாங்களே. அன்னிக்கி எனக்கு தூக்கமே வரல. எங்க தப்பு சொன்னோம்னு தெரிலயே, எப்படி திருத்தறதுன்னு அழுதேன். இவரைக் கேளுங்க."

அழுதேன் என்ற அந்த ஒரு சொல் கமர் நிஷாவின் கோபத்தை எங்கோ தளர்த்தியது. திரிந்துபோன நண்டுக்காக அழ இன்னொருத்தியும் இருந்திருக்கிறாள். அவளுக்கு இப்போதுதான் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. ஹனீப் முறைத்தார். முறைத்துக்கொண்டே அவரும் சிரித்துவிட்டார்.

சாப்பாடு போட்டாள். அன்றைக்கு இறால் ஆணம்தான். அன்புசெல்வன் கூச்சத்தோடு சாப்பிட்டான். கல்பனா ஒவ்வொரு வாய்க்கும் இதில் என்ன போட்டீங்க, இது எப்போ போட்டீங்க என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள்.

கை கழுவியதும் கமர் நிஷா பேச்சை எடுத்தாள்.

"தம்பி, நான் சொல்றத கேளு. எங்க ரெண்டு புகாரையும் வாங்கிக்கறேன். ஆனா இன்னிக்கே இல்ல. அந்தச் சேனல்ல கீற மத்தவங்க வீடியோ எல்லாத்தையும் எடுத்துடணும். அவங்க ஒவ்வொருத்தருக்கும் நீ எழுதணும், இன்னா பண்ணோம்னு. அப்புறம் வாங்கறேன்."

"எல்லாத்தையும் எடுத்தா சேனல்ல ஒண்ணுமே இருக்காதேக்கா."

"இருக்காது."

"அப்புறம் எதுக்குக்கா அந்தச் சேனலு?"

"உங்க ஊட்ல நீங்க இன்னா துன்றீங்க? காத்தையா? அத்த எடுத்துப் போடு. இவளுக்கு இவ்ளோ நல்ல குரல் கீது, அடுத்தவ கைக்கு எதுக்குக் குடுக்கணும்?"

கல்பனா புருஷனைப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார்கள். ஹனீப் அவர்களோடு பஸ் ஸ்டாண்டுவரை நடந்தார். திரும்பி வந்தவர், "வந்து கேட்டான் இல்ல நிஷா" என்று மட்டும் சொன்னார். அவர் முகம் லேசாக இருந்தது.

அன்புசெல்வன் சொன்னபடி செய்தான். மறுநாளே வீடியோக்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கோயம்புத்தூர்க்காரி ஒருத்திக்கு அவன் எழுதிய மன்னிப்பையும் அவள் திட்டி எழுதிய பதிலையும் கமர் நிஷாவுக்கு அனுப்பிவைத்தான். திட்டு பலமாகத்தான் இருந்தது. அவள் ஏற்கெனவே போட்டிருந்த புகாரை வாபஸ் வாங்கவில்லை. கமர் நிஷா வாங்கினாள். சேனல் பிழைத்தது, காலியாக.

கொஞ்ச நாள் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு வீடியோ வந்தது. பச்சை வேர்க்கடலைக் குழம்பு. கல்பனாவின் கைகள், கல்பனாவின் குரல். பார்த்தவர்கள் மிகக் குறைவு. பழைய கூட்டத்தில் பாதிப்பேர் சேனலை விட்டே போயிருந்தார்கள். கமர் நிஷா அந்தக் குழம்பை அப்படியே செய்து ஜோதிலட்சுமிக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். "உப்பு கொஞ்சம் தூக்கல், மத்தபடி பிரமாதம்" என்று கல்பனாவுக்கு எழுதினாள். அன்புசெல்வனுக்குத் தேர்வாய்க்கண்டிகைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவிக்கு வீடியோ எடுத்துக்கொடுத்தான்.

மழை விட்ட பிறகு ஒருநாள் கல்பனா போன் செய்தாள்.

"அக்கா, உங்க நண்ட நான் செஞ்சி போடட்டா? உங்க பேர் சொல்லித்தான் போடுவேன். வேணாம்னா விட்டுடறேன்."

"போடு. ஆனா பஜார்ல செத்த நண்ட வாங்கி செய்யாத. ஞாயித்துக்கிழம பழவேற்காட்டுக்கு வா. நான் வாங்கித் தரேன்."

அந்த ஞாயிறு நால்வரும் பழவேற்காடு மீன் மார்க்கெட்டில் நின்றார்கள். படகுகள் வந்துகொண்டிருந்தன. ஏலச் சத்தம் காதை அடைத்தது. அன்புசெல்வன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். கமர் நிஷா கயிறு கட்டிய ஒரு பெரிய நண்டைக் கல்பனாவிடம் நீட்டினாள்.

"புடி. பின்னாடி புடிக்கணும்."

கல்பனா இரண்டு விரலால் தொட்டாள். கயிறு சரியாகக் கட்டவில்லை போலிருக்கிறது. நண்டு ஒரு காலை விடுவித்துக்கொண்டு உதறியது. அவள் போட்ட கூச்சலில் ஏலக்காரரே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நண்டு கீழே விழுந்து, ஈரத் தரையில் பக்கவாட்டில் ஓடி, ஹனீபின் காலுக்குப் பக்கமாகப் போனது. ஹனீப் வேட்டியைத் தூக்கிக்கொண்டு குதித்தார். மீன்காரி ஒருத்தி முறத்தைக் கவிழ்த்து அதை அமுக்கினாள். மார்க்கெட்டே சிரித்தது.

அன்புசெல்வன் போனைத் தாழ்த்திவிட்டுச் சங்கடமாகக் கேட்டான்.

"வீடியோல இத்த வெட்டிடட்டாக்கா?"

கமர் நிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணையும் வெட்டாத தம்பி. பாய் குதிச்சது கண்டிப்பா வரணும்."