சர்க்கரைக்காரருக்குச் சீனித் தண்ணீர்

கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு முறைக்காகக் காத்திருந்தார்கள் துரைக்கண்ணுவும் அவர் மனைவி மங்களாம்பிகையும். ஈரப்பதம் பார்க்கிறவர் இதோ வந்துவிடுவார், அதோ வந்துவிடுவார் என்று, காலையில் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார் துரைக்கண்ணு.

வெயில் ஏறியதும் தார்ப்பாயில் சரிந்து உட்கார்ந்தவர் உளற ஆரம்பித்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது.

"மோட்டார நிறுத்துடி" என்றார். அங்கே மோட்டாரே இல்லை.

யாரோ ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்கள். பக்கத்துக் குவியல்காரர் ரெத்தினம், "எம் மவ டாக்டருதாங்க, லீவுல வந்திருக்கா" என்று சொல்லிவிட்டு, "கனி!" என்று குரல் கொடுத்தார்.

கனிமொழி ஓடி வந்து நாடியைப் பிடித்துப் பார்த்தாள். மாத்திரை போட்டதையும் சாப்பிடாததையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"சுகர் இறங்கிப்போச்சுன்னு நெனைக்கிறேன். உடனே சீனித் தண்ணி குடுக்கணும்மா."

வீட்டில் சீனி டப்பாவையே ஒளித்து வைப்பவள் மங்களாம்பிகை. "சர்க்கரைக்காரருக்குச் சீனியா? நீ எந்த டாக்டரும்மா?"

"லேப் டாக்டருங்க. ரத்தம், சதையெல்லாம் மைக்ராஸ்கோப்புல பாத்துச் சொல்றவ. நேரா வைத்தியம் பாத்து ரொம்ப நாளாச்சு."

"அப்ப ஆம்புலன்ஸே வரட்டும்" என்றார் கூட்டத்தில் ஒருவர். மங்களாம்பிகைக்கும் அதுதான் சரி என்று தோன்றியது. "நீ சொல்றது தப்பா இருந்தா?"

"சுகர் ஏறித்தான் இப்படின்னா, ஒரு டம்ளர் சீனித் தண்ணியால பெருசா ஒண்ணும் ஆயிடாது. இறங்கி இருந்தா, காத்திருக்கக் காத்திருக்க நெனவு தப்பிடும். அப்புறம் வாயில ஒண்ணும் ஊத்த முடியாதும்மா. இப்பன்னா முழுங்குவாரு."

தனக்குப் பழக்கம் விட்டுப்போனதைக் கேட்டதுமே ஒத்துக்கொண்ட பெண், இதில் மட்டும் பொய் சொல்வாளா? மங்களாம்பிகை டீக்கடைக்கு ஓடினாள்.

தலையைத் தாங்கிப் பிடித்து, சீனித் தண்ணீரை மடக்கு மடக்காகப் புகட்டினார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கனிமொழி மறுபடி நாடியைப் பிடித்துப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் வேர்வை அடங்கியது.

"ஏன் எல்லாரும் என்னையே பாக்குறீங்க? ஈரம் பாக்குறவரு வந்துட்டாரா?" என்றார் துரைக்கண்ணு.

கூட்டம் சிரித்தது. மங்களாம்பிகை அழுதுகொண்டே அவரைத் திட்டித் தீர்த்தாள். கனிமொழி டீக்கடை பன்னை வாங்கி அவரைத் தின்ன வைத்தாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் விரலில் குத்திப் பார்த்தபோது, அவ்வளவு சீனி உள்ளே போயும் ரத்தத்தில் சர்க்கரை அளவு குறைவாகத்தான் இருந்தது. ஆனாலும் துரைக்கண்ணு வண்டியில் ஏற மறுத்தார். "நெல்லு கெடக்குதே!"

"மாத்திரையோட வேகம் இன்னும் இருக்குங்க, மறுபடி இறங்கலாம். இனிமே ஆஸ்பத்திரியில பாக்கட்டும்" என்றாள் கனிமொழி.

"நெல்ல நான் பாத்துக்கிறேன், கெளம்புங்க" என்றார் ரெத்தினம்.

திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து, மாத்திரையைக் குறைத்து அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது நெல் மூட்டையாகி அடுக்கியிருந்தது. மங்களாம்பிகை கனிமொழியைத் தேடிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு இந்த முழங்கால் வலி இருக்கும்மா, கொஞ்சம் பாரேன்."

"அதுக்கு வேற டாக்டருகிட்டப் போகணும்மா."

"சரி, யாருகிட்டப் போகணும்னு நீயே சொல்லு" என்று காலை நீட்டிக்கொண்டாள் மங்களாம்பிகை.