ஒரு நபர் குடும்பம்

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆய்வு மாணவிக்கோ அதைப் பார்ப்பதுதான் பிழைப்பு.

அவளுடைய ஆய்வேட்டில் பாக்கி இருந்தது ஒரே ஓர் அடிக்குறிப்பு. தனியாக ஒருவர் மட்டும் வாழும் வீடுகள் பத்தாண்டுகளில் இரண்டு மடங்காகிவிட்டன, குடும்பங்கள் உடைகின்றன என்பது அவள் வாதம். அதற்கு அஸ்திவாரம் ஒரு நாளிதழ்ச் செய்தி. வழிகாட்டியான பேராசிரியர் அந்த இடத்தை மட்டும் சிவப்பு மையால் சுழித்திருந்தார். பேப்பர்காரன் சொன்னதெல்லாம் ஆதாரம் ஆகாது, அவனுக்கு யார் சொன்னார்கள் என்று போய்ப் பார் என்பது அவர் வருஷம் முழுக்கப் பாடும் பாட்டு.

அடிக்குறிப்பு முடிந்தால் ஆய்வேடு முடியும். ஆய்வேடு முடிந்தால் அவள் புருஷனோடு போய்ச் சேரலாம். கல்யாணமான சூட்டோடு அவனுக்குத் தொலைவில் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை கிடைத்தது. முழுநேர ஆய்வு மாணவர்கள் தினமும் துறைக்கு வந்து கையெழுத்துப் போட்டாக வேண்டும். அதனால் இவள் மாமியார் வீட்டிலேயே தங்கிவிட்டாள். சனிக்கிழமை வருவான், ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறிவிடுவான். புதுக் கல்யாண ஜோடி என்று பெயர். வாரத்துக்கு ஒரு நாள் விருந்தாளி.

அன்று காலை நூலகத்தில் உட்கார்ந்து நூல் பிடித்துக்கொண்டே போனாள். நாளிதழ் கைகாட்டியது ஒரு செய்தி நிறுவனத்தை. செய்தி நிறுவனம் கைகாட்டியது ஓர் ஆய்வு மையத்தின் அறிக்கையை. அங்கே 'இரண்டு மடங்கு' இல்லை, 'ஏறக்குறைய இரண்டு மடங்கு' என்றிருந்தது. அந்த 'ஏறக்குறைய' வழியில் எங்கேயோ உதிர்ந்துபோயிருக்கிறது. ஆய்வு மையமோ புள்ளியியல் துறையின் குடும்பக் கணக்கெடுப்பைக் காட்டியது. துறையின் இணையதளத்தில் அட்டவணை கிடைத்தது. பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டியவள்தான்.

எழுந்திருக்கவில்லை. எண்கள் உறுத்தின. பட்டணம், கிராமம், மலைப்பகுதி என்று எல்லா மாவட்டங்களிலும் ஒரே கணக்கெடுப்பில் எண்ணிக்கை எகிறியிருந்தது. ஊர் முழுக்க எல்லா வீட்டிலும் ஒரே நேரத்திலா சண்டை வந்திருக்கும்? அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில், முந்தைய கணக்கெடுப்போடு ஒப்பிடுவதற்கு முன் பின்னிணைப்பைப் பார்க்கவும் என்று இருந்தது.

பார்த்தாள். முந்தைய கணக்கெடுப்பில், வேலைக்காக வெளியூரில் இருப்பவரையும் சொந்த வீட்டோடு சேர்த்தே எண்ணியிருந்தார்கள். இந்த முறை, ஆறு மாதத்துக்கு மேல் எங்கே உண்டு உறங்குகிறாரோ அங்கே அவர் தனிக் குடும்பம். யாரும் யாரையும் விட்டுப் போகவில்லை. எண்ணுகிறவர்கள் எண்ணும் விதத்தை மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். அதன்மேல்தான் அவள் நான்கு அத்தியாயம் கட்டியிருந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் வராந்தாவுக்கு வந்து அவனுக்கு போன் போட்டாள்.

"போன வருஷம் உங்க ரூமுக்குக் கணக்கெடுக்க யாராவது வந்தாங்களா?"

"வந்தாரு. எத்தனை பேர்னு கேட்டாரு, ஒருத்தன்னேன். கல்யாணம் ஆகலையான்னாரு. ஆச்சு, சம்சாரம் அங்க படிக்கிறாங்கன்னேன். அப்ப நீங்க ஒரு நபர் குடும்பம் சார்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. ஏன் டாக்டரம்மா?"

"நான் உடைஞ்சுபோச்சுன்னு எழுதின குடும்பத்துல நம்மளும் ஒண்ணு."

அவன் சிரித்தான். அவள் விஷயத்தைச் சொன்னாள்: வாதமே விழுந்துவிட்டது, திருப்பி எழுத இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். சிரிப்பு நின்றது. ஆலைக்குப் பக்கத்தில் வீடு பார்த்து, அடுத்த மாதம் வருகிறோம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருந்தான்.

"அந்தப் பொடி எழுத்தை வேற யார் படிக்கப் போறா? அப்படியே குடுத்துடேன்."

"நான் படிச்சுட்டேனே."

வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டான்.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே பேராசிரியர் அறைக்குப் போனாள். அவர் பின்னிணைப்பை இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். போன மாதக் கருத்தரங்கில் இதே எண்ணைச் சொல்லிக் கைதட்டு வாங்கியவர் அவர். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றார், கசப்பு மருந்து குடித்தவர் குரலில். அப்புறம், வெளியூர்க்காரர்களைப் பிரித்துவிட்டு மிச்சமிருக்கிறவர்களை மட்டும் எண்ணிப் பார், அதிலும் ஒரு கதை இருக்கும் என்றார்.

பிரித்துப் பார்க்க வேண்டிய தரவெல்லாம் அதே இணையதளத்தில் இருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"சார், என்னைப் பகுதிநேரமா மாத்திடுங்க."

"பகுதிநேரம்னா ஒரு வருஷம் ரெண்டு வருஷமா இழுக்கும்மா. அப்படிப் போனவங்கள்ல பாதிப்பேர் முடிக்கவே இல்ல."

"எனக்கு வேண்டிய ஆதாரமெல்லாம் எங்க உக்காந்தாலும் கிடைக்கும் சார். இந்தக் கையெழுத்துக்காகத்தான் இங்க இருக்கேன். மாசம் ஒரு தடவை வந்து உங்ககிட்ட திட்டு வாங்கிக்கிறேன்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். முடிக்காமல் விட்டால் முகத்திலேயே விழிக்காதே என்று சொல்லிவிட்டு, விண்ணப்பம் எழுதிக் கொண்டுவரச் சொன்னார்.

மாமியாரிடம் அன்று சாயங்காலமே சொன்னாள். இத்தனை நாள் எந்த மகராசி கையெழுத்துக்காகப் புருஷனை விட்டுட்டு இருப்பா என்று அவர் முணுமுணுத்தார். அப்புறம் நல்ல போர்வையாக இரண்டு எடுத்து, காலையில் வெயிலில் போட என்று தனியே வைத்தார்.

சனிக்கிழமை அவன் பஸ்ஸை விட்டு இறங்கியபோது முகம் இன்னும் உம்மென்றுதான் இருந்தது. நிறுத்தத்துக்கே வந்து காத்திருந்தவள், நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டு வாசலில் பையை இறக்கிவைத்தான்.

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"சொன்னீங்க. எனக்குக் கோவம்தான்."

"இப்ப?"

"ரெண்டு வருஷம் இழுக்கும்னு பயமா இருக்கு."

அவன் செருப்பைக் கழற்றாமல் நின்று யோசித்தான். ஆலைப் பக்கம் பார்த்த வீட்டில் முன்னறை ஜன்னலுக்கு வெளியே லாரி போகும், சமையலறைப் பக்கம் அமைதி, ஆனால் வெளிச்சம் குறைச்சல் என்றான்.

"உன் மேஜையை எங்க போடறது?"

"ஜன்னல்கிட்ட," என்றாள் அவள்.