நிழல் பக்கத்துப் பனி

கிழக்கு வெளுக்கும்போதே மலையின் நிழல் பக்கத்தில் பனி வெட்டிக்கொண்டிருந்தோம். இறுகிப்போன பனி, மண்வெட்டி லேசில் இறங்காது. வெட்டி, கூடையில் நிரப்பி, கோவேறு கழுதைமேல் ஏற்றி, வெயில் பக்கச் சரிவில் தெரிகிற கற்களை மூடவேண்டும். கீழே மராகேஷ் நகரத்தில் ஆரஞ்சு பழுக்கவைக்கிற அதே வெயில்தானே இங்கேயும் அடிக்கிறது? நேற்று மூடிய கல் இன்று பல்லை இளிக்கும். இந்தப் பனிமேல் பட்டணத்துக்காரர்கள் வந்து சறுக்கி விளையாட வேண்டுமாம். என்ன பிழைப்போ!

சரிவைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் ஜவாத், கையில் காபியோடு வந்து நின்றார்.

"இந்த வாரம் கூலி கிடையாது. பனியே இல்ல, நான் எங்க போவேன்? இது உங்க மலை. ஊர்ல திவிசா செய்வீங்கல்ல, அப்படி நெனச்சுக்குங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. திவிசா என்றால், ஒரு வீடு கஷ்டத்தில் நிற்கும்போது ஊரே கூலி கேட்காமல் இறங்கி வேலை செய்வது. அந்த வீட்டில் உலை வைத்து எல்லோருக்கும் போடுவார்கள்.

"அப்போ எங்களுக்குச் சோறு எங்க, முதலாளி?" என்றான் இதிர். எங்களில் அவனுக்குத்தான் வாய் ஜாஸ்தி.

எல்லோரும் சிரித்தோம். ஜவாத் சிரிக்கவில்லை. "பிடிக்கலைன்னா கீழ இறங்கு. இன்னிக்கு பஸ்ல ஆளுங்க வர்றாங்க."

முணுமுணுத்துக்கொண்டே கூடையைத் தூக்கினோம். குளிர்காலத்தில் இந்த மலையில் வேறு வேலை எங்கே கிடக்கிறது?

வெயில் ஏறியதும் மேல்பனி உருகி வழுக்கியது. இதிரின் கழுதை கால் தவறி, கூடையோடு அவன்மேல் சாய்ந்தது. கழுதை எழுந்துவிட்டது. அவன் எழவில்லை. முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது.

"ஜீப்பைக் குடுங்க முதலாளி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்!"

"ஜீப் விருந்தாளிங்களுக்கு. அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா? சாயங்காலம் பார்க்கலாம்."

"அதுக்குள்ள கால் போயிடும்யா!" கத்தியே விட்டேன்.

"கத்தாதம்மா. கூடையை எடு. அங்க பாரு, கல்லு தெரியுது."

பாவி! தரையில் ஒருத்தன் துடிக்கிறான், இவருக்குக் கல்தான் தெரிகிறது.

ஹம்மூ மண்வெட்டியைக் கீழே போட்டார். எங்களில் மூத்தவர், அதிகம் பேசாதவர். என்னைப் பார்த்துச் சொன்னார்: "தூதா, திவிசான்னு தானே சொன்னாரு? கஷ்டம் எந்த வீட்டுக்கு வந்திருக்கு? வா, தூக்கு."

வாடகைக்கு வைத்திருந்த சறுக்குப் பலகைகளை எடுத்து, எங்கள் கம்பளி அங்கிகளை மேலே கட்டிப் பாடை போல... சீ, அந்த வார்த்தை எதற்கு? தூக்குக் கட்டில் செய்தோம்.

"பலகையை வைங்கடா! போனா எவனுக்கும் நாளைக்கு வேலை கிடையாது!"

ஒருவரும் திரும்பவில்லை. மேலே ஆளேற்றும் இழுவைக் கம்பியின் ஓசை நின்றது. அதை ஓட்டுகிற ஸாயித் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தான். "வெயிட்டு எந்தப் பக்கம்?" என்று கேட்டுத் தோளைக் கொடுத்தான்.

கீழூரில் ஹம்மூவின் மச்சானிடம் வேன் இருக்கிறது. அதுவரை நடைதான். வழியில் எதிர்ப்பட்ட பஸ், பனிக்கு ஏங்கிய முகங்களோடு மேலே போனது.

"என்னால உங்க எல்லாருக்கும் வேலை போச்சே," என்று முனகினான் இதிர்.

"வாயை மூடிட்டுப் படு. நாளைக்கு ஒருத்தர் ஒருத்தராப் போய்க் கேட்கப் போறதில்ல, எல்லாரும் சேர்ந்துதான் போவோம்," என்றேன்.

கால் பிழைக்குமா, தெரியவில்லை. என் தோள் விட்டுப்போகிற நேரம், வளைவுக்குக் கீழே எங்களைப் பார்த்த கீழூர்ப் பெண்கள் விறகுக்கட்டை இறக்கிவிட்டு மேலே ஓடி வந்தார்கள்.

"தள்ளு அக்கா," என்றாள் ஒருத்தி. "இனி நான் பிடிக்கிறேன்."