பெயர் எழுதாத கட்டுரை

கோட்டாற்றில் கொப்பரை வியாபாரம் செய்யும் ஜஸ்டஸுக்கு, மகள் ஜாஸ்மி என்ன படிக்கிறாள் என்று விளக்குவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். "எலியைக் கொல்லதுக்குத்தான கடையில மருந்து விக்கான்? இவ பிழைக்க வைக்கதுக்கா படிக்கா?" என்று ஒரு தரகர் கேட்டார்.

படிப்பு அதுதான். பாக்டீரியாவின் நச்சு உள்ளே போனால் எலியின் நுரையீரல் அழன்று, நீர் கோத்துக் கனக்கும். உடம்பின் நரம்புகளே சுரக்கும் ஒரு சிறு புரதத் துண்டு உண்டு; நியூரோபெப்டைடு என்பார்கள். அதைப் புகைபோல் ஆக்கி மூச்சில் கொடுத்தால் அந்த வீக்கம் வடிகிறதா என்று ஜாஸ்மி நான்கு வருடமாகப் பார்த்தாள். நுரையீரலை ஈரமாக ஒருமுறை, உலர்த்தி ஒருமுறை நிறுக்க வேண்டும். ஈரக் கொப்பரையை உலர்ந்த விலைக்குத் தலையில் கட்டுகிறவர்களிடையே வளர்ந்தவளுக்கு இதைச் சொல்லித்தர ஆள் வேண்டுமா?

2012 ஜூலையில் விடை வந்தது. மருந்து பெற்ற எலிகளின் நுரையீரல், நோயில்லாத எலியின் எடைக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது. மனிதருக்கு மருந்தாக இன்னும் எத்தனையோ படி ஏற வேண்டும். ஆனாலும் இந்தப் படி அவளுடையது.

அங்கேதான் சறுக்கினாள். அவர்கள் சபையில் முதல் காய்ப்பும் முதல் சம்பளமும் அறுப்புப் பண்டிகைக் காணிக்கை. காணிக்கை உறையில் யாரும் பெயர் எழுதுவதில்லை; எழுதிவிட்டால் தீர்ந்தது, "பேரு போட்டாத்தான் கர்த்தருக்குத் தெரியுமோ?" என்று பெண்கள் வரிசை முழுக்கச் சிரிக்கும். அந்தப் பழக்கத்தில், தன் முதல் கட்டுரையையும் எழுதியவர் பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டே உறையில் போட்டு, வழிகாட்டிப் பேராசிரியர் ஞானசிங்கிடம் கொடுத்தாள். அவர் அதே சபையின் கமிட்டிக்காரர். சிறுவயதில் அவளுக்கு ஞாயிறு பள்ளி நடத்தியவர்.

"பேரெல்லாம் நீங்களே போடுங்க சார்."

"கர்த்தர் ஆசீர்வதிப்பாரு மக்கா" என்று அவர் உறையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

செப்டம்பரில் ஆய்விதழிலிருந்து ஒரு படிவம் வந்தது. எழுதியவர்கள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும் என்று துறை கிளார்க் செல்லபாய் நீட்டினாள். நான்கு பெயர்கள். வேலையைச் செய்தவருக்கு உரிய முதல் இடத்தில் பிரபின், ஞானசிங்கின் மகன், எலி வாடைக்கே மூக்கைப் பொத்திக்கொண்டு கேன்டீனுக்கு ஓடுகிறவன். கடைசியில் ஜாஸ்மி. படிவத்தோடு ஞானசிங்கின் அறைக்குப் போனாள்.

"முதல் பேரு இருந்தாத்தான் அவனுக்கு வெளிநாட்டுல சீட்டு" என்றார் ஞானசிங், ஜெபக்கூட்டக் குரலில். "நீ கல்யாணம் கழிஞ்சு போறவ. உன் தீசிஸுல நான் கையெழுத்து போடாண்டாமா?"

"அத்தனை எலியோட நுரையீரலையும் எடை போட்டது நான் சார்."

"பேரு நீங்களே போடுங்கன்னு சொன்னது யாரு மக்கா?"

அப்பாவிடம் சொன்னபோது அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். "நான் போய்ப் பேசுதேன். நீ சும்மா இரி." ஜாஸ்மிக்கு மூச்சு வந்தது. அப்பாவை மடக்கிய தரகர் அந்தத் தெருவில் கிடையாது.

மறுநாள் மத்தியானம் ஜஸ்டஸ் நேந்திரங்காய் வற்றலும் புதுப் படிவமுமாக வந்தார். முகமெல்லாம் பல்.

"முடிச்சிட்டேன் மக்கா! நாலாவதா கெடந்த பேரை ரெண்டாவதுக்கு ஏத்தியாச்சு. மூணுலயே நின்னாரு மனுசன். நான் எழும்பி வாசல் வரைக்கும் வந்தேன் பாத்துக்க, பின்னாலேயே ஓடி வந்து கூப்பிட்டாரு. தீசிஸு கையெழுத்தும் உறுதி."

"முதல் பேரு கேக்கலியாப்பா?"

"கேட்டேம்ட்டி. கேட்டாத்தான அதுல இருந்து எறங்க முடியும்?"

ஞானசிங் எடுத்துக்கொண்டது களவு. அதை ஒரு சாமானாக்கி, விலை பேசி, கைகொடுத்துவிட்டு வந்தவர் அப்பா. வற்றல் பொட்டலம் அவள் மடியில் சூடாக இருந்தது.

"எறங்கச் சொல்லி நான் சொன்னேனா?"

"ஞாயித்துக்கெழம சபையில அவரு மொகத்துல முழிக்கணும்லா? கையெழுத்து போடு மக்கா."

படிவத்தின் அடியில், யார் என்ன வேலை செய்தார் என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. மற்ற வேலைகளைப் போல அதையும் அவளே நிரப்பட்டும் என்று ஞானசிங் விட்டு வைத்திருந்தார். ஜாஸ்மி பேனாவை எடுத்தாள். தன் பெயருக்கு நேரே சோதனை, எடை, கணக்கு, எழுத்து என நாலும் போட்டாள். பிரபினுக்கு நேரே, 'எதுவும் செய்யவில்லை.' கையெழுத்திட்டாள். நேராக ஆய்விதழ் ஆசிரியருக்கே அனுப்புவதற்காக ஸ்கேன் செய்யக் கிளம்பினாள்.

ஜஸ்டஸ் செருப்பில்லாமல் தெருமுனை வரை பின்னால் ஓடி வந்தார். "ஏட்டி, நில்லு! அவரு இனி தீசிஸுல கையெழுத்தே போடமாட்டாரு!"

"தெரியும்."

"நாலு வருசமாக்கும் மக்கா!"

"ஆமா. முதல் பேருல இருந்து எறங்கதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லாப்பா?"