மச்சினர் சூளைப் பாட்டு

பாட்டில் பேர் வந்ததற்காக ஒரு ஊருக்கே புத்தி கெட்டுப்போகும் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால், முருகலட்சுமி வேறு வேலை இல்லையா உங்களுக்கு என்று கேட்டிருப்பாள். இந்த வருஷம் அவளே வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி வைத்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கீழச்செங்குளம் என்று ஒரு ஊர் இருப்பது அருப்புக்கோட்டையில் பாதிப் பேருக்குத் தெரியாது. மினி பஸ் போர்டில் இடம் பத்தவில்லை என்று அந்தப் பேரை எழுதாமலே விட்டிருந்தார்கள். அப்பேர்ப்பட்ட ஊரைத்தான் பந்தல்குடிப் பையன் பாண்டிராஜ் பாட்டின் முதல் வரியிலேயே வைத்துப் பாடிவிட்டான். சொந்தமாகப் பாட்டுக் கட்டி, ஆட்களை ஆடவிட்டு, வீடியோ எடுத்து யூடியூபில் போடுகிறவன் அவன். போட்ட வேகத்தில் லட்சக்கணக்கான பேர் பார்த்துவிட்டார்களாம். கல்யாண வீடு, காதுகுத்து, டீக்கடை, உழுகிற டிராக்டர் என்று ஒரு இடம் பாக்கியில்லை.

'கடைக்கோடி ஊருங்க கீழச்செங்குளம் – அங்க
கம்மா நெறஞ்சு கெடக்குதுங்க அண்ணன் மனசுபோல.'

அண்ணன் என்பது பொன்னுச்சாமி. முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர். மறுபடியும் ஆகப் போகிறவர். கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வாய்க்காலான வரத்துக்காலைத் தூர்வாரிக் கடைசிக் கண்மாய் வரைக்கும் அவர் தண்ணீர் கொண்டுவந்துவிட்டதாகப் பாட்டு சொன்னது. வீடியோவில் தண்ணீர் ததும்பியது, தாமரை பூத்திருந்தது, கரை நெடுகத் தென்னை நின்றது. கீழச்செங்குளத்தில் ஏது தென்னை? கண்மாய்க்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

நடந்தது இதுதான். தூர்வாரியது என்னவோ உண்மை. ஆனால் பாதி தூரம்தான். அதற்கு மேல் பொன்னுச்சாமியின் மச்சினன் மருதுபாண்டியின் செங்கல் சூளை வந்துவிட்டது. சூளைக்கு லோடு லாரி போக வேண்டும் என்று வரத்துக்காலின் குறுக்கே மண்ணைக் கொட்டி மேடாக்கி வைத்திருந்தான் அவன். ஒரு குழாய்கூடப் பதிக்கவில்லை. மேலே எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் அந்த மேட்டில் முட்டிக்கொண்டு பக்கத்து ஓடையில் இறங்கிப் போய்விடும்.

கண்மாய் நிறையாமல் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. முருகலட்சுமியின் வயல் கண்மாயை நம்பிய வயல். இந்த ஐப்பசி மழைக்கும் தண்ணீர் வராவிட்டால் நிலத்தைச் சோலார் கம்பெனிக்காரனுக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவது என்று அவள் புருஷன் சுந்தரபாண்டி முடிவுசெய்திருந்தார். கம்பெனி ஆள் வந்து வரப்பில் நின்று போட்டோவெல்லாம் எடுத்துப் போயாகிவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் குனிந்து நிமிர்ந்த மண் அது. அதில் கண்ணாடித் தகட்டை நட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது?

குறைதீர்க்கும் நாளில் தாலுகா ஆபீசுக்குப் போவோம் என்று ஊரில் கொஞ்சம் பேரைக் கெஞ்சிக் கூத்தாடிக் கிளப்பினாள். புருஷனும் வந்தார். எதிர்வீட்டு மாரிக்கனியும் வந்தாள். எல்லாரும் சேர்ந்து சொன்னால் அதிகாரி வந்து பார்ப்பார், மேட்டை எடுக்கச் சொல்வார் என்பது அவள் கணக்கு. அதிகாரி ஊர்ப் பேரைக் கேட்டார். சொன்னார்கள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்தப் பாட்டு ஊரா நீங்க என்றார். என் மகள் காலையில் எழுந்ததிலிருந்து அதைத்தான் பாடுகிறாள் என்றார்.

அவ்வளவுதான். வந்த கூட்டம் மொத்தமும் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்பதுபோல நெளிந்தது. மாரிக்கனி வெட்கப்பட்டுச் சிரித்தாள். அதான் வேலை முடிந்து தண்ணீர் வந்துவிட்டதே, பாட்டே போட்டுவிட்டார்களே என்று அதிகாரி சொன்னபோது ஒரு வாய் இல்லையென்று சொல்ல வேண்டுமே. சுந்தரபாண்டி தலையை ஆட்டினார், அதுவும் ஆமாம் என்று. முருகலட்சுமி ஒருத்திதான் தண்ணீர் வரவில்லை என்று கத்தினாள். அதிகாரி அவளை விட்டுவிட்டு மற்றவர்கள் முகத்தைப் பார்த்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டிலேயே புருஷனைப் பிடித்துக்கொண்டாள். தலையை ஆட்டுவதற்கா பஸ் ஏறி வந்தீர்கள் என்று கேட்டாள். அவரும் சளைக்கவில்லை.

"நம்ம ஊருப் பேரு இப்பத்தான் நாலு பேர் வாயில வந்திருக்கு. அதப் போயி ஆபீசர் முன்னாடி பொய்யின்னு சொல்லச் சொல்றியா?"

"பேரு வந்துச்சு. தண்ணி எங்க?"

"அதுவும் வரும்" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் எப்படிக் குப்பை கொட்டினோம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாளே பந்தல்குடிக்குப் போய்ப் பாண்டிராஜைப் பிடித்தாள். திட்டத்தான் போனாள். ஆனால் அவன் அக்கா வாங்க, உட்காருங்க என்று சேரைத் துடைத்துப் போட்டுக் குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்துவிட்டான். உன் வீடியோவில் வந்தது எந்த ஊர்த் தண்ணீர் என்று கேட்டாள். ராஜபாளையம் பக்கம் எடுத்தது என்று கொஞ்சமும் கூசாமல் சொன்னான். கீழச்செங்குளத்தை அவன் பார்த்ததே இல்லையாம். பாட்டில் ஓசைக்குச் சரியாக உட்கார்ந்ததாம் அந்தப் பேர். ஏறு வண்டியில் என்று அவன் பைக்கிலேயே அவனைக் கூட்டி வந்தாள். காய்ந்த கண்மாயையும் சூளை மேட்டையும் அந்த மேட்டின் மேல் நின்ற லாரியையும் காட்டினாள். பயல் மேட்டில் ஏறி நின்று இரண்டு பக்கமும் பார்த்தான். இரக்கம் வந்துவிட்டது என்று அவள் நினைத்தாள்.

"அக்கா, உண்மையப் பாடுனா இன்னும் நல்லா ஓடும்" என்றான் கடைசியில்.

எப்படியோ, பாடினால் சரி. பாடத்தான் செய்தான்.

'வரத்துக்காலக் காணோமுங்க வந்து பாருங்க – அது
மச்சினரு சூளையில மறைஞ்சிருக்குங்க.'

முதல் முறை கேட்டபோது முருகலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. இனி எவனும் தப்ப முடியாது, ஊர் உலகத்துக்கே தெரிந்துபோயிற்று, பொன்னுச்சாமி எந்த முகத்தோடு வெளியே வருவார் பார்க்கலாம் என்று இருந்தாள்.

கிழித்தார்கள். இந்தப் பாட்டு முந்தின பாட்டைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. மச்சினரு என்ற இடத்தில் இடுப்பை ஒரு வெட்டு வெட்ட வேண்டும் என்று யாரோ ஆடிக் காட்ட, ஊர் ஊராக அதே வெட்டுத்தான். மச்சினன் முறைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் அந்த வரியைப் பாடிக் கேலி செய்துகொண்டார்கள். சூளையில் கல் அறுக்க வந்த ஆட்கள் அதைப் போட்டுக்கொண்டே வேலை செய்தார்கள். மருதுபாண்டியின் செல்போனிலேயே அதுதான் அடித்தது. வரத்துக்காலைக் காணோமே என்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை. பொய்ப் பாட்டுக்கும் ஆடினார்கள், உண்மைப் பாட்டுக்கும் ஆடினார்கள். இவர்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

அம்மனுக்கு ஊரே சேர்ந்து வைக்கிற புரட்டாசிப் பொங்கல் வந்தது. சாயங்காலம் முளைப்பாரி எடுப்பதற்கு முன்னால் அம்மன் கோயில் பொட்டலில் மேடை போட்டுப் பொன்னுச்சாமியைக் கூப்பிட்டிருந்தார்கள். ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததற்குப் பாராட்டாம். மச்சினனையும் கூட்டிக்கொண்டு வெள்ளை வேட்டி சட்டையில் வந்து இறங்கினார். மாலை போட்டார்கள். மைக் செட்டு ஜெயக்குமார் ஒரு குறும்பில் அந்த இரண்டாவது பாட்டைப் போட்டுவிட்டான். கூட்டம் ஒரு நொடி திகைத்தது. பொன்னுச்சாமி என்ன செய்தார் தெரியுமா? துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மச்சினனைக் கையைப் பிடித்து இழுத்தார். மச்சினரு என்ற இடம் வந்ததும் இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த வெட்டை வெட்டினார்கள். விசில் காதைக் கிழித்தது. முருகலட்சுமிக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. அவர் கோபப்பட்டால் அது குற்றம். ஆடிவிட்டால் வெறும் பாட்டு. மனுஷனுக்கு மூளை இருக்கத்தான் செய்கிறது.

சுந்தரபாண்டியும் கூட்டத்தில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று மேடைக்குப் பின்னால் போய், பாட்டுப் பெட்டிக்குக் கரண்ட் போகிற பிளக்கைப் பிடுங்கினாள். பாட்டு பாதியில் அறுந்தது. பிளக்கை விடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, வயர் எட்டுகிற மட்டும் முன்னால் வந்து மேடையேறி ஓரத்தில் நின்றாள்.

"வரத்துக்காலக் காணோம்" என்றாள். ராகம் இல்லை, கத்தவும் இல்லை. "உங்க மச்சினர் சூளையில மறைஞ்சிருக்கு."

அதே வார்த்தைதான். இவ்வளவு நேரம் ஊரே ஆடிய வார்த்தை. இப்போது ஒருத்தரும் சிரிக்கவில்லை. மருதுபாண்டியின் முகம் கறுத்தது. இந்தப் பொம்பளையை யார் மேடையேற்றியது என்று பொன்னுச்சாமி பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டார். சுந்தரபாண்டி அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து அவள் கையைப் பிடித்தார்.

"கீழ எறங்கு. பாட்டுல வந்தா அது பாட்டு. நீ சொன்னா அது சண்டை."

"சண்டைன்னே வச்சுக்கங்க. நம்ம நெலத்துல கண்ணாடித் தகட்ட நடுறதுக்கு இது தேவல" என்று கையை உதறினாள்.

ஜெயக்குமார் பிளக்கைக் கேட்டான். கொடுக்கவில்லை. மேடையில் பொன்னுச்சாமிக்குப் போட்டிருந்த சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு பிளக்கை மடியில் வைத்துக்கொண்டாள். பாட்டு இல்லாமல் முளைப்பாரி கிளம்பாது. பாட்டு இல்லாமல் மேடையில் நிற்கிறவர்களுக்குக் கையைக் காலை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. ஊர் முழுக்கப் பொன்னுச்சாமியையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆட முடிந்த வரைக்கும்தான் அது பாட்டு. ஆட்டம் நின்றுபோனால் அந்த வரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது போலிருந்தது. மாரிக்கனிதான் முதலில் வாயைத் திறந்தாள். தாலுகா ஆபீசில் வாயைத் தைத்துக்கொண்டு நின்றவள்.

"ஆமாண்ணே. தண்ணி வரல" என்றாள்.

பின்னால் இன்னும் இரண்டு மூன்று குரல் வரல, வரல என்றது. பொன்னுச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். செய்துவிடலாம், நாளைக்கு ஜேசிபி அனுப்பச் சொல்கிறேன் என்றார். கூட்டம் கை தட்டத் தயாரானது. பாழாய்ப்போன கூட்டம், அதற்குக் கை தட்ட ஒரு சாக்கு வேண்டும். ஜெயக்குமார் மறுபடி கையை நீட்டினான்.

"நாளைக்கு எதுக்குண்ணே?" என்றாள் முருகலட்சுமி. "ஜேசிபி சூளையிலதான நிக்குது. போன் போடுங்க."

மருதுபாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். பொன்னுச்சாமி அவனைப் பார்த்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்தார். இத்தனையும் ஓட்டு. மச்சினன் சட்டைப் பையிலிருந்த போனை அவரே எடுத்து அவன் கையில் திணித்தார். அவன் மேடை ஓரமாகப் போய்த் திரும்பி நின்று பேசினான்.

எல்லாரும் காத்திருந்தார்கள். கீழச்செங்குளத்துப் பொங்கலில் இவ்வளவு அமைதி யாரும் பார்த்ததில்லை. முளைப்பாரிச் சட்டியைத் தலையில் வைத்திருந்த பெண்கள்கூட அசையவில்லை. மேற்கே சூளைப் பக்கம் வண்டி உறுமுகிற சத்தம் கேட்டது.

"சித்தி, அந்தா ஜேசிபி கெளம்பிருச்சு" என்றான் ஜெயக்குமார். "பிளக்கக் குடுங்க."

முருகலட்சுமி மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"கெளம்புனது எனக்கும் கேக்குது. தோண்டுறதும் கேக்கட்டும்."