எலுமிச்சை ஜூஸ் ஒத்திகை

மார்லிஸ் காஷ்பாருக்கு ஐம்பத்தெட்டு வயது. அக்கார்டியன் என்ற துருத்தி வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டால் முப்பதுக்கு மேல் யாரும் சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்துச் சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் சாபோர் ஊரில், கோடைக்காலச் சனிக்கிழமைகளில் அவளும் தங்கை ஜாய்ஸும் கடைத்தெருவில் போல்கா என்ற துள்ளலான ஆட்ட இசை வாசிப்பார்கள். ஜாய்ஸ் டிரம் அடிப்பாள். குறை ஒன்றுதான், ஆட ஆள் வரமாட்டார்கள். கோப்பையோடு மதுக்கடை வாசற்படியைத் தாண்டினால் அபராதம். அதனால் ஊரே உள்ளே நின்றுகொண்டு கண்ணாடி வழியாக வேடிக்கை பார்க்கும். அவர்கள் கைதட்டுவதும் மார்லிஸுக்குக் கேட்காது.

பொறுத்துப் பார்த்தாள். பிறகு வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கி, நவம்பர் வாக்குச் சீட்டில் ஒரு கேள்வியை ஏற்றிவிட்டாள்: சனிக்கிழமைகளில் கடைத்தெருவில் பீர் கோப்பையோடு நடமாடலாமா? இதுதான் சாக்கு என்று மதுக்கடைக்காரர் லாய்ட் தன் பங்குக்கு இன்னொரு கேள்வியைச் சேர்த்தார்: ஊருக்குள் கீனோ, அதாவது எண்களைக் குறித்துப் பணம் கட்டும் ஆட்டம், நடத்தலாமா?

இரண்டையும் எதிர்த்துக் கிளம்பியவர் எல்டன் வித்தேக். முப்பது வருடம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வெயில் கொளுத்தினாலும் கழுத்துப் பொத்தானைக் கழற்றமாட்டார். ஒன்றாம் வகுப்பிலிருந்து மார்லிஸோடு படித்தவர் என்பதால் இருவருக்கும் நடுவே மரியாதை என்ற பேச்சே கிடையாது.

ஆகஸ்டில் ஒருநாள் மளிகைக்கடை வாசலில் அவளை மறித்துக்கொண்டார்.

"கோப்பையோட ஜனங்க தெருவுல இறங்கினா என்ன ஆகும் தெரியுமா? கத்துவாங்க, விழுவாங்க, கண்டவங்களைக் கட்டிப்பிடிப்பாங்க."

"உன்னை யாரும் கட்டிப்பிடிக்க மாட்டாங்க, பயப்படாதே."

"கிண்டல் பண்ணாதே மார்லிஸ். நான் சொல்றது நடக்குதா இல்லையா பாரு."

"பாத்துடலாமே! வர்ற சனிக்கிழமை ஒத்திகை. கோப்பையில எலுமிச்சை ஜூஸ். ஒரு சொட்டு மது கிடையாது. ஜனங்க எப்படி நடந்துக்கறாங்கன்னு நீயே வந்து எழுதிக்கோ."

"ஜூஸைக் குடிச்சிட்டு எவன் கூத்தடிப்பான்?"

"அப்ப உனக்கு என்ன நஷ்டம்?"

எல்டன் சம்மதித்தார்.

சனிக்கிழமை மதியம் அவர் மடக்கு நாற்காலியும் நோட்டுப் புத்தகமுமாக வந்து தெருவின் நட்டநடுவில் உட்கார்ந்தார். ஒழுங்கைக் கவனிக்க டோரீன் வந்திருந்தாள். அந்த ஊருக்கு இருந்த ஒரே போலீஸ்காரி அவள். ஜூஸ் இலவசம் என்றதும் மதுக்கடை காலியாகி, ஜனம் தெருவில் இறங்கிவிட்டது. முதல் பாட்டிலேயே பத்து ஜோடி ஆடியது. மார்லிஸுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இரண்டாவது பாட்டு முடிந்தபோது லாய்டைச் சுற்றி ஒரு கூட்டம் குசுகுசுவென்று பேசுவதை எல்டன் பார்த்துவிட்டார்.

"அங்கே என்ன ரகசியம்?"

"ஒண்ணுமில்லை எல்டன். நீங்க எழுந்து ஆடுவீங்களான்னு சின்னதா ஒரு பந்தயம்."

"என் மேலயே சூதாட்டமா!"

"காசு இல்லீங்க. ஆளுக்கு ஒரு டஜன் கொலாச்சி."

கொலாச்சி என்றால் நடுவில் பழக்கூழ் வைத்துச் சுட்ட இனிப்பு ரொட்டி. எல்டனுக்கு அது உயிர்.

"யார் யார் எந்தப் பக்கம்?"

"எல்லாரும் ஆடமாட்டீங்கங்கிற பக்கம்தான்."

"எல்லாருமா?" எல்டனின் முகம் வாடிவிட்டது. "ஒருத்தர்கூட எதிர்ப்பக்கம் கட்டலையா?"

"எப்படிங்க கட்டுவாங்க? உங்களை ஊருக்கே தெரியுமே."

எல்டன் நோட்டை மூடினார். கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். "அப்ப நான் கட்டறேன்!" என்று எழுந்தவர், பக்கத்தில் நின்ற டோரீனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தார்.

மார்லிஸ் அன்று வாசித்த வேகத்தில் அக்கார்டியன் கிழியாதது ஆச்சரியம். "ஹோய்! ஹோய்!" என்று எல்டன் போட்ட கூச்சலில் தேவாலயக் கூரைப் புறாக்கள் பறந்தன. லாய்டின் மனைவியைப் பிடித்துச் சுழற்றினார், பாதிரியாரைப் பிடித்துச் சுழற்றினார், ஒரு திருப்பத்தில் வழுக்கி ஜூஸ் மேசைமேல் விழுந்தார். தூக்கிவிட்ட டோரீனைக் கட்டிப்பிடித்து, "இன்னொரு பாட்டு! இன்னொரு பாட்டு!" என்றார்.

"அக்கா, இந்த ஆளு என்ன சொன்னாரோ அத்தனையும் இவரே பண்ணிட்டாரு!" என்று கத்திய ஜாய்ஸ், சிரித்த சிரிப்பில் டிரம் குச்சியைத் தவறவிட்டாள்.

எல்டனுக்கு ஏழு டஜன் கொலாச்சி கிடைத்தது. நமக்குத்தான் வெற்றி என்று அன்றே மார்லிஸ் முடிவு கட்டிவிட்டாள்.

நவம்பரில் வாக்குகளை எண்ணினார்கள். கீனோ ஜெயித்தது. பந்தயத்தின் ருசி ஊருக்குப் பிடித்துப்போயிருந்தது. பீர் பத்தொன்பது வாக்கு வித்தியாசத்தில் தோற்றது.

"ஜூஸே போதுமே மார்லிஸ், அன்னிக்கு எவ்வளவு ஜாலியா இருந்துச்சு!" என்று வாக்குச்சாவடி வாசலில் அவள் கையைப் பிடித்துப் பிடித்து ஜனங்கள் குலுக்கினார்கள். அவளுக்கு அழுகை வந்தது, அழப்போன வாய் சிரித்துவிட்டது. தன் பிரச்சாரத்தைத் தானே இவ்வளவு அழகாகத் தோற்கடித்தவள் அந்த வட்டாரத்திலேயே வேறு யாரும் இருக்கமுடியாது.

எல்டன் மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் பீருக்குத்தான் போட்டேன்."

"நீயா?"

"எனக்குச் சர்க்கரை இருக்கு. உன் ஜூஸைக் குடிச்சிட்டு டாக்டர்கிட்ட அரைமணி நேரம் திட்டு வாங்கினேன். வாராவாரம் அதைக் குடிச்சா என்ன ஆவேன்?"

மார்லிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு திரும்பியதும் கேட்டாள்: "பத்து பேரு மனசு மாறினா போதும். அடுத்த தேர்தலுக்குக் கையெழுத்து வாங்க வர்றியா?"

"தபால்காரன்டி நான். எந்த வீட்டு நாய் கடிக்கும், எது கடிக்காதுன்னு எனக்குத் தெரியும். நாளைக்குக் காலையிலேயே கிளம்பலாம்."

மறுநாள் முதல் வீட்டில் எல்டன்தான் அழைப்பு மணியை அழுத்தினார்.